நாலு பாகத்துக்குக் கீழே சிவப்பு இல்லை

துபாய்
1997 பிப்ரவரி 21, வெள்ளி, காலை 10.40. வந்து சேர்ந்த கேசட் 3. மொத்தம் 174 நிமிடம். உருப்படியானது 6 நிமிடம் 20 செகண்ட்.

மச்சான் சித்தீக் அவர்களுக்கு ஃபாஜில் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள், தஹ்மீனா லாத்தா, உம்மா எல்லோரும் நன்றாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கேசட்டை ஜெய்னுலாபுதீன் காக்கா பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். அதே பையில் கருவாடும் இருந்தது. ஸ்டூடியோ முழுக்க வாடை. இனிமேல் தனித்தனியாகக் கட்டுங்கள்.

பெரும்பாலும் புல்லும் சேறும்தான். நம் ஆவுளியா, அதான் கடல் பசு, வருவது இரண்டே இடத்தில். ஆனால் அந்த இரண்டும் நல்லா இருக்கு. தாயும் குட்டியுமாகக் கடல் தாழையை மேயும்போது தரையிலிருந்து புழுதி கிளம்புகிறதே, அதைப் பார்த்து எங்கள் மானேஜர் எழுந்து நின்றுவிட்டார். லெபனான்காரர், லேசில் எழுந்திருக்க மாட்டார். செப்டம்பர் முடிவதற்குள் இருபது நிமிடம் ஆவுளியா வேண்டும், கொடுத்தால் உங்களைத் தண்ணீருக்கடியில் படம் எடுக்கிற ஆளாக இங்கே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, விசா மனுவில் கையெழுத்தும் போட்டுவிட்டார். சவூதியில் வெல்டிங் கம்பெனி மூடியதிலிருந்து மூன்று வருடமாக நீங்கள் எதிர்பார்த்தது இது. வீரையன் போட்டில் கடல் அட்டை எடுக்க முங்குவது ஒரு வேலையா?

ஒரு சங்கதி புரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் முதலில் தின்பது சிவப்பை. நாலு பாகம், அதாவது இருபத்து நாலு அடி ஆழத்துக்குக் கீழே போனால் சிவப்பு என்பதே கிடையாது. எல்லாம் பச்சை, நீலம். இங்கே நான் குமிழைத் திருகி, போன சிவப்பைத் திரும்பப் போடுகிறேன். எவ்வளவு போடுவது என்று தெரிய, நிஜ நிறம் தெரிந்த பொருள் ஏதாவது படத்தில் இருக்க வேண்டும். அதற்குத்தான் கேமராவோடு வெள்ளைத் தட்டும் கொடுத்தேன். நீங்கள் அதை மறந்துகொண்டே இருக்கிறீர்கள். மூன்றாவது கேசட்டில் கயிற்றைத் தளர்த்தச் சொல்லி வீரையனுக்குச் சைகை காட்டினீர்கள், உள்ளங்கை கேமராவுக்கு முன்னால் வந்தது. அதை வைத்தே திருத்தினேன். சிவப்பு 14 போட்டதும் கடலே நேரில் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. உங்கள் கை என்ன நிறம் என்று எனக்குத் தெரியாதா? இனித் தட்டு வேண்டாம். ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் ஐந்து செகண்ட் உள்ளங்கையைக் காட்டுங்கள், போதும்.

இப்படிக்கு,
ஃபாஜில்

---

அதிராம்பட்டினம்
9-3-97

அன்புத் தம்பி ஃபாஜிலுக்கு உன் மச்சான் சலாம் கூறி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் இங்கு சுகம். உம்மாவுக்கு முட்டி வலி தேவலை. உன் உடம்பைப் பார்த்துக்கொள். ரொட்டியையே தின்று காலத்தை ஓட்டாதே.

கடிதத்தை உன் லாத்தா இரண்டு முறை சத்தமாகப் படித்தாள். கையெழுத்துப் போட்டாச்சு என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே இருபது நிமிடம் எடுத்துவிடலாம்.

ஆவுளியா நல்ல பிராணி. பத்தடி தூரத்தில் மேய்கிறது. நான் ஒருத்தன் கிடப்பதையே மதிக்கவில்லை. மூன்று நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே போய் மூக்கை மட்டும் நீட்டி ஒரு மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பக் கீழே வருகிறது. வீரையன் சொல்கிறார்: “பாய், அதுவும் நம்ம மாதிரிதான். கீழ சோறு, மேல மூச்சு.”

ஒன்று கேட்க வேண்டும். நான் மூச்சு விடுவது வீரையன் போட்டில் இருக்கிற கம்ப்ரசரிலிருந்து டியூப் வழியாக. லாரி டயருக்குக் காற்றடிக்கிற மிஷின்தான். அட்டை எடுக்கும்போது அரைமணி நேரம்தான் ஓடும். இப்போது ஆவுளியாவுக்காக மூன்று மணி நேரம் ஓடுவதால் சூடாகி முக்குகிறது. காற்றில் எண்ணெய் வாடை. மேலே வந்து துப்பினால் எச்சிலில் மினுமினுப்பு மிதக்கிறது. நீ மிஷின் படித்தவன், ஒரு வழி சொல்லு.

இரண்டு கேசட் அனுப்பியிருக்கிறேன். கருவாடு தனிப் பொட்டலம்.

உன் மச்சான்
சித்தீக்

---

துபாய்
1997 மார்ச் 28, வெள்ளி, மதியம் 2.15. கேசட் 5. உருப்படியானது 9 நிமிடம் 50 செகண்ட்.

மச்சானுக்கு ஃபாஜில், அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

நாலாவது கேசட் முதல் தரம். ஒரே ஷாட் மூன்று நிமிடம், கை ஆடவே இல்லை. இப்படியே போனால் ஜூனில் முடித்துவிடலாம்.

கம்ப்ரசர் விஷயம். சூடாகிறது என்றால் எண்ணெய் பற்றவில்லை. குறி வரைக்கும் போதாது, குறிக்கு மேலே ஒரு விரல் ஊற்றச் சொல்லுங்கள். வாடை வரத்தான் செய்யும். வாடை ஆளைக் கொல்லாது. நீங்கள் கீழே இருக்கும்போது மிஷின் நின்றால்தான் கொல்லும். வீரையனுக்கு இதெல்லாம் தெரியாது, நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஐந்தாவது கேசட்டில் சிவப்பு 19 போட வேண்டியிருந்தது. இன்னும் ஆழத்தில் எடுத்தீர்களா? ஆழத்தை எழுதி அனுப்புங்கள்.

ஃபாஜில்

---

அதிராம்பட்டினம்
21-4-97

பிரியமுள்ள தம்பிக்கு லாத்தா தஹ்மீனா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடியாகப் போனது. நீ இல்லாத குறைதான். பெருநாள் தொழுகைக்கு நீ புதுச் சட்டை போட்டாயா, அதே காக்கி பேண்ட்டா என்று உம்மா கேட்கிறார்கள்.

மச்சான் எழுதச் சொன்னார்கள். ஆழம் அதே நாலு பாகம்தானாம், மாறவில்லையாம். நீ சொன்னபடி வீரையன் எண்ணெய் ஊற்றினாராம், மிஷின் இப்போது ஜம்மென்று ஓடுகிறதாம்.

அவங்களுக்குக் கொஞ்சம் சளி. இரண்டு மாதமாக இருக்கிறது. திப்பிலி இடித்துக் கொடுத்தேன். இப்போது மாடியில்தான் படுக்கிறார்கள். கீழே காற்றே வரவில்லையாம். தலையணை ஒன்று போதாமல் மூன்று வைத்துச் சாய்ந்துகொள்கிறார்கள். “ராஜா மாதிரி படுத்திருக்கீங்களே”ன்னு கேட்டேன். “துபாய்ல இப்படித்தான் படுப்பாங்களாம், பழகிக்கிறேன்”னாங்க.

(உன் லாத்தா தேவையில்லாததை எல்லாம் எழுதுகிறாள். எனக்கு ஒன்றுமில்லை. வெயில் காலத்துச் சளி. கேசட் ஒன்று அனுப்பியிருக்கிறேன். சித்தீக்.)

உன் லாத்தா
தஹ்மீனா

---

துபாய்
1997 மே 16, வெள்ளி, மாலை 5.05. கேசட் 6. உருப்படியானது 11 நிமிடம் சுமார்.

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நலம். நேராகச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆறாவது கேசட் மோசம். மார்ச்சில் மூன்று நிமிட ஷாட் எடுத்த அதே ஆள் இப்போது 25 செகண்டில் கேமராவை அணைக்கிறார். ஆவுளியா மேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. நீங்கள்தான் விட்டுவிட்டு மேலே போகிறீர்கள். பொறுமை எங்கே போனது?

சிவப்பு 27. கேமராவின் கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கலாம். நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

இன்னொன்று, முக்கியம். ஜெய்னுலாபுதீன் காக்காவின் மருமகனை மெடிக்கலில் கழித்துவிட்டார்கள். நெஞ்சைப் படம் எடுத்ததில் பொட்டு மாதிரி ஒரு நிழலாம். எப்போதோ வந்த காய்ச்சலின் தழும்பு. பெயர் ஏறிவிட்டது, இனி அவனுக்கு எந்த நாட்டு விசாவும் கிடைக்காது என்று காக்கா அழுகிறார். உங்கள் மெடிக்கல் செப்டம்பரில். அதுவரைக்கும் சளி, இருமல் என்று கண்ட டாக்டரிடம் போய்ப் படம் எடுத்து வைக்காதீர்கள். பீடியைத் தொடாதீர்கள். அவ்வளவுதான்.

ஃபாஜில்

---

அதிராம்பட்டினம்
8-6-97

தம்பிக்கு மச்சான். சுகம். நீ சுகமா.

நீ சொன்னது சரி. யாரிடமும் போகவில்லை, போகவும் மாட்டேன்.

நிறம் மாறுவதற்குக் காரணம் வேறு. இங்கே கோடை மழை கொட்டித் தீர்த்தது. வயலில் நின்ற தண்ணீர் எல்லாம் வடிகால் வழியாகக் கடலுக்கு வந்து ஒரே கலங்கல். அதனால்தான் இருக்கும். கண்ணாடியையும் கழுவினேன்.

போட்டில் ஏற வீரையன் கை கொடுக்கிறார். “பாய், ஆவுளியாவைத் தூக்குறது லேசு”ங்கிறார். சிரித்தேன். சிரித்தால் இருமல் வருகிறது.

ஒரு சந்தேகம். மெடிக்கலில் நெஞ்சைப் படம் எடுக்கும்போது மூச்சைப் பிடிக்கச் சொல்வார்களே, எவ்வளவு நேரம்?

சித்தீக்

---

துபாய்
1997 ஜூலை 4, வெள்ளி, காலை 9.30. கேசட் 8. உருப்படியானது 14 நிமிடம் 10 செகண்ட்.

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கேள்விக்குப் பதில்: ஐந்து செகண்ட், மிஞ்சினால் பத்து. கடலுக்கடியில் கிடக்கிற ஆளுக்கு இது ஒரு கேள்வியா?

எனக்கு இங்கே அவமானமாகிவிட்டது. போன கேசட்டுக்குச் சிவப்பு 41 போட்டேன். உங்கள் கை கையாக வந்தது. மானேஜர் பார்த்துவிட்டு, “இதென்ன கடல் பசுவா, செங்கல்லா?” என்று கேட்டார். ஆவுளியாவின் முதுகு சிவந்து கிடக்கிறது. மணல் ரோஜா நிறம். கலங்கல் என்று சொன்னால் அவர் கேட்பாரா? கலங்கல் என்றால் எல்லாம் சேர்ந்துதானே மாற வேண்டும்? கேமராவுக்குள்ளே சிவப்பைப் பிடிக்கிற சில்லு செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். வேறு கேமரா அனுப்ப வழியில்லை. இருப்பதை வைத்து ஓட்டுங்கள்.

இன்னும் ஆறே நிமிடம். ஆறு நிமிடத்துக்காக விசா போயிற்று என்று லாத்தாவிடம் என்னால் சொல்ல முடியாது. தினமும் போங்கள். காற்று இருக்கிற நாள், இல்லாத நாள் என்று பார்க்காதீர்கள்.

ஃபாஜில்

---

அதிராம்பட்டினம்
11-8-97

தம்பிக்கு லாத்தா. அஸ்ஸலாமு அலைக்கும். பதில் போட ஐந்து வாரம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள்.

உம்மா சுகம். நான் சுகம்.

மச்சான் எழுதச் சொன்னது: கேசட் ஒன்று அனுப்புகிறோம். ஜூலை கடைசியில் எடுத்தது. இரண்டு நிமிடம் தேறும். மீதியைச் சீக்கிரம் அனுப்புவார்களாம். கோபப்பட வேண்டாமாம்.

வேறு எதுவும் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அவங்க தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் கேட்டார்கள். அதனால் வேறு எதுவும் எழுதவில்லை.

உன் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். நிறம் தெரிந்த பொருள் ஒன்று படத்தில் வேண்டும் என்று முதலில் எழுதியிருந்தாயே, அதையும் எடுத்துப் படித்தேன். நீ கொடுத்த தட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. நம் வீட்டு வெள்ளைப் பீங்கான் சாசர் ஒன்றைக் கயிறு கட்டி வீரையனிடம் கொடுத்தேன். “எதுக்கு இது, கை போதும்”னு அவங்க சொன்னாங்களாம். வீரையன் கேட்காமல் அவங்க மணிக்கட்டிலேயே கட்டிவிட்டாராம். கேசட்டில் கையும் சாசரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

இந்தத் தடவை கையை வைத்துத் திருத்தாதே. சாசரை வைத்துத் திருத்து. திருத்திவிட்டுப் பார்.

நான் சத்தியத்தை மீறவில்லை.

லாத்தா

---

துபாய்
1997 ஆகஸ்ட் 29, வெள்ளி, மாலை 6.50. கேசட் 9. கணக்கு நிறுத்தியாகிவிட்டது.

லாத்தா, அஸ்ஸலாமு அலைக்கும்.

கேசட் நேற்றுத்தான் கைக்கு வந்தது. நேற்றிலிருந்து பக்கத்து வீட்டு ஹாஃபிஸா மாமியின் போனுக்கு 22 தடவை அடித்துவிட்டேன். லைன் செத்துக் கிடக்கிறது. ஜெய்னுலாபுதீன் காக்கா இன்று இரவு விமானத்தில் கிளம்புகிறார். நாளை இரவு ஊரில் இருப்பார். இந்தக் கடிதத்தை வீட்டுக்குக்கூடப் போகாமல் உன் கையில் நேரே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ சொன்னபடி செய்தேன். சாசரை வெள்ளையாக்கினேன். சிவப்பு 14 போதுமாக இருந்தது, பிப்ரவரியில் போட்ட அதே 14. மணல் மணலாக வந்தது. ஆவுளியா பழுப்பும் சாம்பலுமாக, இருக்க வேண்டிய நிறத்தில் வந்தது. கேமராவில் கோளாறு இல்லை. கலங்கலும் இல்லை. மச்சான் கை மட்டும் நாவல்பழத் தோல் மாதிரி இருந்தது. நகம் ஐந்தும் கறுநீலம். விரல் நுனிகள் உருண்டு வீங்கியிருந்தன.

கீழே மருந்துக் கடையில் இருக்கிற மலையாளியைக் கூட்டிவந்து காட்டினேன். திரையில் அந்த நகத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“இது யாரு?”

“எங்க மச்சான்.”

“வெள்ளத்திலேர்ந்து எடுத்ததா?”

வெள்ளம் என்றால் அவர் மொழியில் தண்ணீர், முங்கிச் செத்த ஆளின் கை என்று நினைத்துவிட்டார். கேமராவைப் பிடித்திருப்பதே மச்சான்தான் என்று சொன்னேன். அந்த ஆள் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

பழைய கேசட்டுகளை எல்லாம் மறுபடி போட்டேன். படத்தை அணைத்துவிட்டு, டியூபில் மூச்சு விடுகிற சத்தத்தை மட்டும் கேட்டு எண்ணினேன். ஆவுளியாவுக்குப் பொருந்தாது என்று நான் எப்போதும் வெட்டி எறிகிற சத்தம் அது. முதல் கேசட்டில் நிமிடத்துக்கு 11. இந்தக் கேசட்டில் 34. அசையாமல் கிடக்கிற ஆளுக்கு 34.

மாதத்துக்கு மாதம் கை நீலமாகிக்கொண்டே வந்திருக்கிறது. நான் மாதத்துக்கு மாதம் குமிழைத் திருகி அதை நல்ல கையாக்கிக்கொண்டே வந்திருக்கிறேன். எண்ணெயை விரல் கணக்கில் ஊற்றச் சொன்னது நான். அந்த எண்ணெய்ப் புகையைத்தான் நாலைந்து மாதமாக மச்சான் மூச்சாக இழுத்திருக்கிறார்கள். டாக்டரிடம் போகாதே என்றதும் நான். பொறுமை எங்கே என்று கேட்டதும் நான். இதற்கெல்லாம் மன்னிப்பு நேரில் கேட்கிறேன், கடிதத்தில் அல்ல.

இன்றைக்கே ஏன் கிளம்பவில்லை என்று கேட்பாய். என் பாஸ்போர்ட் கம்பெனி பெட்டியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை யாரும் திறக்க மாட்டார்கள். வாசல் வரை போய்க் கதவைத் தட்டிவிட்டுத்தான் வந்தேன்.

கடிதம் கிடைத்ததும் நீ ஒரு நிமிடமும் தாமதிக்காதே. வீரையனைக் கூப்பிட்டு, கார் பிடித்து, ஞாயிறு விடியும்போது மச்சான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். “எனக்கு ஒண்ணுமில்ல”ன்னு சொன்னால் கேட்காதே. வருவதற்கு மறுத்தால் கீழே உள்ள முதல் வரியைக் காட்டு. கம்ப்ரசரில் என்ன எண்ணெய் ஊற்றினார் என்பதை வீரையன் டாக்டரிடம் சொல்ல வேண்டும், டப்பாவையும் கொண்டுபோகச் சொல்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை காலை 8 மணிக்கு ஆபீஸ் திறந்ததும் மச்சானின் விசா மனுவை நானே திரும்ப வாங்கிக் கிழித்துப் போடுவேன். இனி மெடிக்கல் கிடையாது. அவங்க யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை.

2. பாஸ்போர்ட்டைக் கேட்பேன். லீவு இல்லை என்றால் வேலையை விட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டு வாங்குவேன்.

3. கையும் சாசரும் இருக்கிற இடத்தை, பிப்ரவரியில் எடுத்த கையோடு சேர்த்து, நிறம் திருத்தி ஒரே கேசட்டில் பதிவேன். டாக்டரிடம் காட்டத்தான்.

4. திங்கள் அல்லது செவ்வாய், எந்த விமானத்தில் இடம் கிடைக்கிறதோ அதில் சென்னை வந்து, அங்கிருந்து நேரே தஞ்சாவூர். வீட்டுக்கு வர மாட்டேன். எந்த வார்டு என்று ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் சொல்லி வை.

5. வந்ததும் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவேன். நான் வரும்வரை காலை, மதியம், இரவு நீ எண்ணி எழுதி வை. எத்தனை வந்தாலும் அதையே எழுது. எனக்காகக் குறைத்து எழுதாதே.